அக்கா திரும்பப் பெற்ற கடிதம்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். அக்காவின் பெருமையை எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. உறவினர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

வேப்பனப்பள்ளிக்கு அருகே பிறருடைய மாந்தோப்புகளில் கூலிக்குப் போன பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். அப்பா இறந்தபோது அவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. விடுமுறை நாட்களில் தோப்பு வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பை முடித்தார். பிறகு ஓசூரில், கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையின் டூல்ரூமில் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் பெண் அவர்தான். தகட்டை வெட்டி வடிவமாக்கும் டைகளைச் செய்வதும் செப்பனிடுவதும் அவர் வேலை. வெட்டி வந்த தகட்டின் ஓரத்தில் விரலை ஓட்டியே, டை எந்தப் பக்கம் மழுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். என்னைப் படிக்க வைத்தார். அதே தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்ததும் அவர் சொல்லித்தான்.

சில ஆண்டுகள் கழித்து, பெங்களூரு அருகே பொம்மசந்திராவில் ஒரு நிறுவனம் டூல்ரூம் முழுவதையும் பொறுப்பேற்று நடத்த அக்காவை அழைத்தது. அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அப்போது எங்கள் ஆலையிலிருந்து நல்ல வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் அக்காவையே நிறுத்த முடியாவிட்டால் வேறு யாரை நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன்: "அடுத்த வருஷம் டூல்ரூம் பொறுப்ப உனக்குத்தான் தரப்போறாங்கக்கா. மேனேஜரே எங்கிட்ட சொன்னாரு."

மேனேஜர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அக்கா என்னை நம்பினார். பொம்மசந்திராவுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டு, மறுநாள் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த இடத்துக்கு அவர்கள் உடனே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு டூல்ரூம் பொறுப்புக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு டைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான். ஒருநாள் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம் கேட்டார்.

"தம்பி, அந்தப் பேச்சு மேனேஜர் சொன்னதா, நீயா சொன்னதா?"

"மேனேஜர் சொன்னதுதான்கா."

"சரி, வுடு" என்றார். அதன்பிறகு அவர் கேட்கவேயில்லை.

எனக்குப் பதவி உயர்ந்தது. ஆண்டு விழாவில், திறமையானவர்களைத் தக்கவைத்ததற்காக மேடையில் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். என் சொந்த அக்காவையே நிறுத்தியவன் நான் என்று மைக்கில் பெருமையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா கைதட்டினார். இன்று அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

அக்காவிடம் தொழில் பழகிய மஞ்சுளா என்ற பெண் வேறு வேலைக்குப் புனே போக விரும்பியபோது, அவளுடைய பணி விடுவிப்புக் கடிதத்தை நான் வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். அக்கா என் மேஜைக்கே வந்து நின்றார். "இருக்கறப்ப அவள ஒரு வார்த்தை கேட்டியா, என்னா வேணும்னு? போறப்ப புடிச்சி வெச்சா யாரும் நிக்க மாட்டாங்க. கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன்.

பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. பெங்களூரு மருத்துவமனையில் இருந்த கடைசி வாரங்களிலும் என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் விசாரித்தார். பல நாள் அவர் அருகில் உட்கார்ந்தும், உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரியத்தன்று, ஓய்வு பெற்றுவிட்ட மேனேஜர் வந்திருந்தார். அவரிடம் நானாகவே அந்தப் பழைய பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னார்:

"எனக்குத் தெரியும்பா. லெட்டரத் திரும்ப வாங்கிக்கிட்ட மறுநாளே உங்கக்கா எங்கிட்ட நன்றி சொல்ல வந்தாங்க. நான் அப்படிச் சொல்லலியேம்மான்னேன். அப்படியே நின்னாங்க. இத தம்பிகிட்ட கேட்டுடாதீங்க சார், பாவம், தலை நிமிர முடியாதுன்னாங்க. நானும் வாயத் தெறக்கல. எனக்கும் அவங்க இருந்தா போதும்னு இருந்துச்சு."

அப்படியானால் கேன்டீனில் என்னைக் கேட்டபோது அக்காவுக்கு எல்லாமே தெரியும். நான் உண்மை சொல்ல ஓர் இடம் கொடுத்திருக்கிறார். அப்போதும் நான் பொய்தான் சொன்னேன்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த டூல்ரூம் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், புனேவிலிருந்து விடுப்பெடுத்து வந்து பத்து நாள் உடனிருந்து அக்காவுக்குத் தலைவாரிவிட்ட மஞ்சுளாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. மஞ்சுளாவிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அக்காவிடம் கேட்க வழியில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"இருக்கட்டும் மாப்ள. அடியில உம் பேரப் போடு" என்றார்.

தம்பி முனிராஜ்