எக்ஸ்ரேயை வைத்தியம் என்று நம்பினேன்

எங்கள் பக்கம் ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது என் மனைவிக்கு மூச்சு வாங்கியது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். அதுவே வைத்தியம் என்று நம்பி, கூச்சத்தில் யாரையும் கேட்காமல் வீடு திரும்பிவிட்டேன்.

மறுநாள் அவளால் படுக்கவே முடியவில்லை.

"அதான் மிஷின் வச்சாங்களே, சரியாப் பூடும்" என்றேன்.

"அப்போ அந்த மிஷினையே மூச்சு வுடச் சொல்லுங்க" என்றாள்.

திரும்ப ஓடினோம்.

"நுரையீரல்ல சளி கட்டிக்கினு இருக்குது. படம் நோவைக் காட்டும், தீர்க்காது. மருந்து குடுக்கத் தேடினா எங்கய்யா போனே?" என்றார் டாக்டர்.

ஊசி போட்டார்கள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

இப்போதும் கூச்சம்தான். ஆனாலும், "அடுத்து என்னங்க செய்யணும்?" என்று கேட்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வருவதில்லை.