பத்து இனங்கள்

இத்தாலியின் பலேர்மோவில், தேவாலயத்தில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசித்தவர் ஒரு மன்னார்க்காரர். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வேலை. அந்தம்மா கொடுத்த கோட்டின் கை அவருடைய விரல்களை மூடும். அதை மடித்துவிட்டு, வரிக்குக் கீழே விரலை ஓடவிட்டுத்தான் வாசிப்பார்.

தொண்ணூற்றைந்தில், தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு. ஆபிரகாமுக்குக் கடவுள் நாடு தருவதாக வாக்களித்த பகுதி. வீடு வாசலை விட்டு வந்த எங்களுக்கு அதைக் கேட்டாலே கண் கலங்கும். பூசைக்குரிய வாசகம் அந்த வாக்குறுதியோடு முடிந்துவிடும். அவர் நிறுத்தவில்லை. வேதாகமத்தில் அடுத்து வருகிற, அந்த நாட்டில் ஏற்கெனவே குடியிருந்த இனங்களின் பெயர்களையும் வாசித்தார். எண்ணினேன். பத்து.

"என்ன அண்ணை, எங்கடை காணியை ஆருக்கோ எழுதிக் குடுத்திட்டியள்?" என்று பூசை முடிந்து வாசலில் ஒருவர் நக்கலடித்தார். பலர் சிரிக்கவில்லை.

"சனம் ஆறுதலுக்கு வருகுது. இனி உங்களை வாசிக்க விடமாட்டினம்" என்றேன் நான்.

"ஓம் மாஸ்டர், தெரியும். ஆனா அங்கை ஆக்கள் இருந்தவை. எங்கடை மண் எண்டு சொல்லித்தான் தொண்ணூறிலை இயக்கப் பெடியள் பக்கத்து வீட்டு முஸ்லிம் சனத்தையும் வெளிக்கிடச் சொன்னவங்கள். ஆளுக்கொரு பையோடை போச்சினம். நான் படலையடியிலை நிண்டு பாத்தன்."

அடுத்த ஞாயிறு வேறொருவர் வாசித்தார். மன்னார்க்காரர் கொஞ்சக் காலம் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார், பிறகு வரவில்லை.

மூன்று வருடம் கழித்து அதே வாசகம் வந்தது. புதியவர் சரியான இடத்தில் நிறுத்தினார். எல்லோரும் இறைவனுக்கு நன்றி சொன்னார்கள். நான் விரல் மடக்கி, அவர் அன்று வாசித்த இனங்களின் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதுதான் வந்தது. கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்தேன்.