விழாமல் எழுகிறவர்கள்

சாப்பாட்டு மணி அடித்த கையோடு ஜெயபாரதி கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிறுத்திவிடுகிறார். சோற்றுத் தூக்குப்போசி அப்புறந்தான் திறக்கும். திரையில் ஒரு பாலத்துக்கு அடியில் ஆட்டப் போட்டிக்கு இரண்டு கூட்டம் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கிறது. தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒருவன் தரையில் கையூன்றித் தலைகீழாகச் சுழல்கிறான். பிசைந்த தயிர்ச்சோறு விரலிலேயே காய்கிறது. “ஐயோ சாமீ, கழுத்து!” என்று இடது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். அவன் விழமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். போன வாரமும் இதே படந்தான்.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை விளக்கடியில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்தக் கண் படம் பார்க்கும்போதும் ஓய்வதில்லை. ஆடுகிறவன் அந்தரத்தில் இருக்கும்போதே, “அவன் பனியன்ல கழுத்து ரிப்பு எப்படி இளிச்சுட்டு நிக்குது பாருங்க, இது நம்ம டேபிள்ல பாஸாகாதுங்க” என்பார். காதல் காட்சி, அழுகைக் காட்சி எல்லாவற்றையும் விரலால் தள்ளிவிடுவார். தெருவில் ஆடுகிற இடம் மட்டும் வேண்டும்.

கணவர் குமாரசாமிக்கு முருகன் பாட்டு போதும். “ஏம்புள்ள, அதுல அப்படி என்னதான் இருக்குது?” என்று ஒருநாள் கேட்டார்.

“உழுந்துருவான்னு நம்ம வவுறு கலங்குதில்லீங்க? உழுகாம எந்திரிச்சுர்றான் பாருங்க. அதுக்குத்தானுங்க.”

பேக்கிங்கில் சத்யப்பிரியா என்றொரு பெண். தேனிப் பக்கம் ஊர், தங்கியிருப்பது கம்பெனி ஹாஸ்டலில். முதலில் ஜெயபாரதியின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்த்ததை ஹாஸ்டல் மாடியில் ஆடிப் பழகினாள். ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசலில் ஆடப் பெயர் கொடுத்துவிட்டாள்.

“அந்தப் பின்பல்டி அடிப்பியா கண்ணு?” என்று கேட்டவர் ஜெயபாரதிதான்.

“ஒங்களுக்காகத்தான்க்கா அத வச்சிருக்கேன்.”

பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். கூட்டம் வட்டமாகச் சூழ்ந்து நின்றது. சத்யப்பிரியா நன்றாகவே ஆடினாள். அயர்ன் மாஸ்டர் முனீஸ்கூட விசிலடித்தார். கடைசியில் அவள் ஜெயபாரதியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பின்னால் எம்பினாள். எம்பிய கால் ஈரத்தில் வழுக்கியது. கழுத்தும் தோளும் முதலில் சிமெண்டில் இறங்கின. துணி ரோல் சரிந்தது போல ஒரு சத்தம்.

பாட்டு நிற்கவில்லை. கூட்டம் கைதட்டியது. இதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஜெயபாரதியும் தட்டினார். படத்தில் இந்த இடத்தில்தான் அவன் ஒரு துள்ளலில் எழுவான். எழப்போகிறாள், இதோ எழப்போகிறாள் என்று தட்டினார்.

சத்யப்பிரியா கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

தன் கைகள் இன்னும் தட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் ஜெயபாரதிக்குத் தெரிந்தது. முனீஸ் தூக்கப் போனார். “தொடாதீங்க! கழுத்து, கழுத்து!” என்று கத்திக்கொண்டு ஓடிய ஜெயபாரதி, ஈரத்தரையில் குப்புறப் படுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அந்தத் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, காலு இருக்கதே தெரியலக்கா.”

“இருக்குது கண்ணு. நாம் பாத்துட்டுத்தான இருக்கறேன், இருக்குது.”

ஆம்புலன்ஸ் வரும்வரை அதையே சொன்னார். காலைப் பார்க்கும் தைரியம் அவருக்கு வரவில்லை.

கோவை ஆஸ்பத்திரியில், கழுத்தெலும்பில் கீறல், நரம்பு தப்பித்தது என்றார்கள். மறுநாளே கால் விரல் அசைந்தது. செய்தி கேட்டும் ஜெயபாரதிக்குச் சோறு இறங்கவில்லை. “அந்தப் புள்ள உழுந்து கெடக்குது, நாங் கை தட்டிட்டு நின்னனுங்க” என்று குமாரசாமியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பேசியில் இருந்த படங்களையெல்லாம் ஜெயபாரதி அழித்துவிட்டார்.

பொங்கல் கழிந்து சத்யப்பிரியா வேலைக்குத் திரும்பினாள். கழுத்துப்பட்டையைக் கழற்றியாயிற்று, ஆனாலும் திரும்ப வேண்டுமென்றால் முழு உடம்போடு திரும்பினாள். மத்தியானம் நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“படம் போடுங்கக்கா.”

ஜெயபாரதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இனியுமா? வேண்டாங் கண்ணு.”

“படுத்துக் கெடந்தப்பெல்லாம் இதத்தான்க்கா பாத்தேன்.”

“பயமா இல்லியா?”

“இருக்கு. அதான் பாக்கேன்.” அவளே தன் கைப்பேசியில் படத்தைத் திறந்தாள்.

பாலத்துக்கு அடியில் ஒருவன் சுவரில் ஓடி ஏறினான். சத்யப்பிரியா இமைக்காமல் முன்னால் குனிந்தாள். ஜெயபாரதி திரையைப் பார்க்கவில்லை. அவன் அந்தரத்தில் புரண்ட கணத்தில், சோற்றுக்கையை அவசரமாக முந்தானையில் துடைத்து, அந்தப் பெண்ணின் பிடரிக்குப் பின்னால், தொடாமல், ஒரு விரற்கடை தள்ளி, உள்ளங்கையை ஏந்திப் பிடித்துக்கொண்டார்.