கிணற்றடி அரசமரம்

எங்கள் கிணற்றுக் கட்டின் வெடிப்பில் அந்த அரசங்கன்று முளைத்தபோது கணவர் அதைப் பிடுங்கி எறியப் போனார். நான் விடவில்லை. "பிள்ளையார் இருக்கிற மரமப்பா, கை வைக்காதேங்கோ" என்று சண்டை பிடித்தேன். வேர் அறாமல் கிளப்பி, கிணற்றடியிலேயே நட்டதும் நான்தான்.

யுத்தம் முடிந்து கண்டாவளைக்குத் திரும்பி வந்தபோது காணியில் பாதி இராணுவ முகாமாகியிருந்தது. உடைந்த வீட்டின் அத்திவாரமும் கிணறும் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். மரம் நன்றாக வளர்ந்து நின்றது. ஆமிக்காரர் அதில் கயிறு கட்டி உடுப்புக் காயப் போடுவார்கள். எனக்கு அதுவே எரிச்சல். பிள்ளையாரின் மரத்தில் களிசானா!

பிறகு புதிய அதிகாரி ஒருவர் பொறுப்புக்கு வந்தார். கயிறு போனது. மரத்தைச் சுற்றிச் சீமெந்து மேடை, மேடையில் புத்தர். காலையில் துவக்கை எடுப்பதற்கு முன் ஆமிக்காரர் எல்லோரும் பூவோடு வரிசையில் நிற்க வேண்டும். பௌர்ணமிப் போயா நாளில் வெள்ளை உடுப்பு, ஒலிபெருக்கியில் பிரித் ஓதல். முகாம் குசினியில் சமையல் வேலை செய்த ஆமிக்காரர் ஒருவர் கடற்கரைப் பக்கத்துச் சிங்களக் கிறிஸ்தவர், தமிழ் தெரிந்தவர். "நீங்களும் நிக்கிறனீங்களோ?" என்று கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளினார்.

"ஓர்டர் அக்கா. நிக்காட்டி லீவு கிடைக்காது."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

போன வருடம் காணியை விடுவிப்பதாகக் கடிதம் வந்தது. புது வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று கணவர் அன்றே கதைக்கத் தொடங்கிவிட்டார். முகாமைக் கழற்றி லொறிகளில் ஏற்றினார்கள். மரத்தடியை மட்டும் சுற்றிப் புது வேலி போட்டார்கள். கிணறும் அத்திவாரமும் அதற்குள். எங்கள் பழைய வாசற்படிக்கு நேரே படலை வைத்தார்கள். கிராம அலுவலர் என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "முகாம் போகும் அக்கா. விகாரை போகாது." காவலுக்கு இரண்டு பேரை விட்டுப் போனார்கள்.

அந்தக் கன்றைப் பிடுங்க விடாததற்காகக் கணவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஆவணி வெயிலில் எங்கள் குழாய்க் கிணற்றில் தண்ணீர் நின்றுபோனது. வெட்கத்தை விட்டு, வாளியோடு அந்த வேலிக்குப் போனேன். காவலுக்கு நின்றவர் மரியாதையாகத்தான் படலையைத் திறந்தார். என் காலைக் காட்டி, தெரிந்த தமிழில் சொன்னார்:

"அம்மா, செருப்பு கழட்டு."

வாளியைக் கீழே வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, என் வீட்டு வாசற்படியில் ஏறினேன்.