கொட்டாவி எங்கே போகிறது?

நைனாவின் நோய்க்கு வந்த முதல் அறிகுறியை நாங்கள் பாராட்டினோம்.

சித்தூரில் எங்கள் பழைய மிஷன் சபையின் பாடகர் குழுவில் ஐம்பது ஆண்டுகள் பேஸ் (நான்கு குரல்களில் அடிக்குரல்) பாடியவர் என் அப்பா, எங்களுக்கு நைனா. பிழைப்புக்கு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஃபிட்டர். போன வருடம் தவக்காலத்தில், எழுபத்தொரு வயதில், அவருடைய குரல் இறங்கியது. அதுவரை எட்டாத கீழ்ச் சுரங்களை எட்டியது. குழுவை நடத்தும் தேவதாஸ் மாமா பூரித்துப்போனார். "இன்னாய்யா, கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கீது. இப்டியே வெச்சிக்கோ." நைனாவும் அப்படியே வைத்துக்கொண்டார், நான்கு மாதம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது குரல் மாறி மூன்று வாரம் தாண்டிவிட்டதா? அந்தக் குரல் அழகாகவே இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நான் திருப்பதியில் இருப்பதால் அங்கேயே அழைத்து வந்தேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நடைகளில் ஒரு விசித்திரம் உண்டு. உட்கார்ந்திருக்கும் மொட்டைத் தலைகளில் எது மலைக்குப் போய் இறக்கியது, எது மருந்தால் உதிர்ந்தது என்று சொல்ல முடியாது. அந்தத் தலைகளுக்கு நடுவே நைனா தன் நரைத்த முடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு டாக்டரம்மா தொண்டையைத் திரையில் காட்டினார். நைனா பயப்படவில்லை. குனிந்து, ஃபேக்டரியில் மோட்டாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ரெண்டு பெல்ட்டு மாதிரி கீதே. இத்தினி நாளா இதுவா பாடிச்சு?" ஒரு பெல்ட்டின்மேல் வெள்ளையாகக் கரடு தட்டியிருந்தது. பயாப்ஸி (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) அதைப் புற்று என்றது.

குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டும். மூச்சு இனி ஸ்டோமா (கழுத்தில் அமைக்கும் நிரந்தரத் துளை) வழியாகத்தான். பாட்டு போய்விடும். டாக்டரம்மா இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். நைனா கையெழுத்துப் போடாமல் ஒரு வாரம் இழுத்தார். "பாட்டு போச்சினா நான் இன்னாத்துக்கு பாப்பா?" என்று என்னிடம் கேட்டார். பதில் அம்மாவிடம் இருந்தது. "உம் பாட்டக் கேட்டுக் கேட்டு எங்காது தேஞ்சிப்போச்சு. ஆளு இரு, போதும்."

அந்த ஒரு வாரமும் நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பழைய நாட்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். சர்ச்சில் அவர் பாடும்போது பெஞ்சுப் பலகை அதிரும். அந்த அதிர்வு என் முதுகுக்கு வரும். ஏழு வயதில் பாட்டு என்பது முதுகில் கேட்பது என்றே நினைத்திருந்தேன். மாங்காய் சீசனில் அவர் சட்டை இனிப்பும் புளிப்புமாக நாறும், சைக்கிளுக்குப் பின்னால் தேனீ வரும். பள்ளிக்கூட வாசலில் அந்த வாசனையோடு அவர் வந்து நின்றால் எனக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தை நினைத்து இப்போது வெட்கப்பட்டேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பிறகு கதிர்வீச்சு. பிறகு மௌனம்.

பேசுவதற்கு எலக்ட்ரோலாரிங்ஸ் (கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்ந்து பேச்சொலி தரும் கருவி) வாங்கிக் கொடுத்தோம். ஒரே ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார்: "மிக்ஸி பேசுது." கருவி பீரோவுக்குள் போனது. சர்ச்சுக்கு வர மறுத்தார். தேவதாஸ் மாமா வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த மாதங்களின் நோட்டைப் புரட்டினால் சில சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தண்ணி. துணி மாத்து. போதும். அதிகம் எழுதியது 'போதும்'.

பராமரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர்கள் எழுதி முடிப்பதற்குள் நீங்கள் ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதி வாக்கியத்தில் பேனாவை மூடி வைத்துவிடுவார். வாக்கியங்கள் குறைந்துபோனதற்கு நோய் மட்டும் காரணமில்லை.

ஜனவரியில் பரிசோதனைக்குப் போனோம். டாக்டரம்மா ஸ்டோமாவைப் பார்த்தார், சுற்றிலும் அழுத்திப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். எழுந்திருக்கும்போது நைனா நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். நிதானமாக எழுதித் திருப்பிக் காட்டினார்.

"மூச்சு கழுத்தால போவுது. அப்போ கொட்டாவி எங்க போவுது?"

டாக்டரம்மா சிரித்தார். உட்காரச் சொன்னார். "பெத்தாயனா (பெரியவரே), இத்தன வருஷத்துல இத ஒருத்தரும் கேக்கல."

பிறகு விளக்கினார். காற்று மூக்கைத் தொடாததால்தான் இந்த நோயாளிகளுக்கு வாசனை தெரிவதில்லை. உதட்டை மூடிக்கொண்டு, கொட்டாவி விடுவதுபோலத் தாடையையும் அடிநாக்கையும் கீழே இறக்கினால் வாய்க்குள் இடம் பெரிதாகும். மூக்கு வழியே கொஞ்சம் காற்று உள்ளே வரும். பழகினால் சிலருக்கு வாசனை திரும்பும். எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது.

பஸ்ஸில் சித்தூர் திரும்பும்போதே தொடங்கிவிட்டார். எதிர் சீட்டுக்காரர் முறைத்தார்.

வீட்டில் அம்மா காப்பித்தூள், பெருங்காயம், மல்லிகை என்று மூக்கடியில் நீட்டிக்கொண்டே இருந்தாள். ஐந்து வாரம் ஒன்றுமில்லை. "மாடு மாதிரி வாய ஆட்டிக்கினே கீறியே, எதுனா வந்துச்சா?" என்பாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடி தாடையை இறக்குவார். நான் போயிருந்த ஒரு காலையில் பக்கத்து வீட்டுக்காரி வாசல் கழுவிக்கொண்டிருந்தாள். நைனா ஓடிவந்து நோட்டின் பக்கம் முழுவதும் எழுதினார்: "பினாயில்."

அம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு அவரை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை. காலை ஆறரைக்குக் கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு சர்ச் வரைக்கும் நடை. முதலில் வாசனைகளைப் பட்டியல் போட்டார். பிறகு ஒவ்வொன்றுக்கும் டோ, ரே, மீ என்று ஒரு மேற்கத்திய சுரம் வைத்தார். பஞ்சர் கடையில் சொல்யூஷன், கீழே டோ. பேக்கரி ரஸ்க், மீ. சாக்கடை, அதற்கும் கீழே. ஜூன் வந்ததும் ஃபேக்டரிக்குப் போகும் மாங்காய் டிராக்டர்கள் பழைய சர்ச் சுர எழுத்துமுறையில் இரண்டு முழு வரியை எடுத்துக்கொண்டன. ஐம்பது வருடமும் மற்றவர்களின் பாட்டுக்கு அடியில் நின்றவர். மேலே ஓடும் மெட்டை அவராக எழுதியது இதுதான் முதல்.

போன ஞாயிறு நான் சித்தூருக்குப் போனபோது அந்தத் தாளை நீட்டினார். எனக்குப் பாட வராது என்றேன். கழுத்தை நீட்டச் சொல்லிச் சைகை செய்தார். என் தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, பாடு என்று கண்ணால் சொன்னார். பாடினேன். சுரம் தப்பும்போதெல்லாம் விரல் தட்டியது. என் தொண்டைக்குள் இரண்டு பெல்ட் ஓடுவதை நாற்பத்தெட்டு வயதில் அன்றுதான் உணர்ந்தேன்.

சர்ச்சுக்கு முந்தைய திருப்பத்தில் மெட்டு நின்றது. ஒரு வரி முழுவதும் காலியாக இருந்தது. மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். நோட்டை எடுத்தார். நான் ஊகிக்காமல் காத்திருந்தேன்.

"அங்க ஏதோ கீது. இன்னும் புடிபடல. நாளைக்குப் போய்ப் பாக்கணும்."

அடுத்த ஸ்கேன் செப்டம்பரில். எனக்கு அதுவரைக்கும்தான் காலம். அவருக்கு நாளைக் காலை ஆறரை மணி.