காலனிப் பள்ளிக்கு அனுப்பியவர்கள்

தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளிக்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும். கூட்டம் முடியும்வரை உட்காரக் கூடாது. அரியலூரில் நடந்த அந்தக் கூட்டத்தில் எங்கள் ஊர்க் காலனிப் பள்ளியின் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். கால் வீங்கியிருந்ததால் முன்னிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான், அதே ஊரின் இன்னொரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியன்.

"ரெண்டும் ஒரே ஊரு, ரெண்டும் அரசுப் பள்ளி, ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம். இவரு நூத்துக்கு நூறு காட்டுறாரு. உங்களுக்கு மட்டும் என்னம்மா நோவு?" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கைதட்டினார்கள்.

அந்த ஒப்பீட்டை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் சிறிய ஊர் எங்களுடையது. பொதுத்தேர்வு மாதங்களில்தான் அங்கே முந்திரி பழுக்கும். குடும்பமே காட்டில் கிடக்கும். பிள்ளைகளும் கொட்டை பொறுக்கப் போவார்கள். அப்படிப் போகிறவன் பத்தாம் வகுப்பில் தவறுவான் என்பது எங்களுக்கு ஒன்பதிலேயே தெரியும். ஒன்பது முடிந்ததும் பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவோம். காலனிப் பள்ளியில் அந்த அம்மா யாரையும் திருப்பி அனுப்பமாட்டார். எங்களிடம் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன் அங்கே ஓராண்டு இருந்து தவறினால், தோல்வி அவருடையது. இதற்கு எங்கள் ஆசிரியர் அறையில் 'களையெடுப்பு' என்று பெயர். பெயர் வைத்தவன் நான்.

முந்திரி ஓட்டின் எண்ணெயில் விரல்நுனி கறுத்துப்போன ஒரு தாய் என்னிடம் கேட்டாள்: "இத்தன வருசம் நீங்கதான சார் பாடம் சொன்னீங்க? அவனுக்கு வரலன்னா உங்களத்தான கேக்கணும்? காலனி இஸ்கூலுக்கு எதுக்கு அனுப்புறீங்க?"

"அடுத்த ஆள வரச் சொல்லுப்பா" என்றேன் கடைநிலை ஊழியரிடம்.

கூட்டத்தில் நான் எழுந்து, "தவறியவர்களில் பாதிக்கு மேல் என் பிள்ளைகள்" என்று சொல்லியிருக்கலாம். சொல் தொண்டைவரை வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வரவே இல்லை. கைதட்டல் இனித்தது. என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி நடுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மா என்னிடம் வந்தார். "இந்த வருசமும் பசங்கள அனுப்புவீங்கல்ல சார்? அப்படியே பெஞ்சையும் சேத்து அனுப்பிடுங்க. உங்க பசங்க தரையில உக்காந்திருக்காங்க." அருகில் நின்ற இன்னொரு தலைமையாசிரியர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

தேர்ச்சி குறைந்ததற்காக அவரைப் பெரம்பலூர் தாண்டிச் செட்டிகுளத்துப் பக்கம் மாற்றினார்கள். வீங்கிய காலோடு பஸ் மாறி மாறிப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் என்னைப் போலவே கெட்டிக்காரர். நாங்கள் அனுப்பிய ஒருவனையும் அவர் சேர்க்கவில்லை. நானும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மறு ஆண்டு இரண்டு பள்ளியும் நூறு விழுக்காடு. எங்கள் ஊருக்கே கைதட்டினார்கள். விடுபட்ட பிள்ளைகள் எங்கே என்று மேடையில் ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள் நிறைந்த அறை அது.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஒருவன் முந்திரி மூட்டை தூக்குகிறான், ஒருவன் திருப்பூரிலிருந்து திருவிழாவுக்கு மட்டும் வருகிறான். கடைத்தெருவில் என்னைக் கண்டால் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு, "நல்லா இருக்கீங்களா சார்?" என்கிறார்கள். ஒருவனாவது என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.