பாட்டு இல்லாத கேசட்டுகள்

கச்சேரி என்றால் வயலின் வாசிப்பது, நடுவில் யாரோ ஒருவர் தொண்டையைத் திறந்து அதற்கு இடைஞ்சல் செய்வது என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஞானத்துக்கு முழுப் பொறுப்பு என் சித்தப்பா.

சித்தி வயலின் கலைஞர். பாட்டுக் கச்சேரிகளில் பாடகருக்குப் பக்கவாத்தியமாக வாசிப்பார். சித்தப்பா கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தார். ராகம் எதையும் அவருக்கு அடையாளம் தெரியாது. ஆனால் மந்தைவெளியில் எங்கள் வீட்டுத் தெருமுனையில் நின்றே, மாடியில் வாசிப்பது சித்தியா, சித்தியிடம் கற்றுக்கொள்ள வந்த பெண்ணா என்று சொல்லிவிடுவார்.

சித்தி வாசிக்கும் எல்லாக் கச்சேரிக்கும் ஒரு துணிப்பையில் டேப் ரிக்கார்டரோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறொரு வேலை நடக்கும். இரண்டு கேசட் போடும் பெரிய ரிக்கார்டரில் ஒரு பக்கம் கச்சேரி ஓடும். இன்னொரு பக்கம் காலிக் கேசட் பதிவு செய்துகொண்டிருக்கும். பாடகர் வாயைத் திறந்தால் சித்தப்பாவின் கட்டைவிரல் பதிவை நிறுத்தும் பொத்தானை அமுக்கும். சித்தி தனியாக வாசிக்கும் இடம் வந்தால் விரல் எழும். இப்படி மூன்று மணி நேரக் கச்சேரி சுண்டக் காய்ச்சிய பால்போல அரை மணி நேரமாகிவிடும். அதைத்தான் அவர் பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். நாங்களும் வீட்டில் அதைத்தான் கேட்டோம்.

அவருடைய நியாயம் எளிமையானது. பாடகரின் பாட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும், அட்டையில் அவர் முகத்தோடு. வயலின்காரியின் பெயர் பின்பக்கம், விலைக்கும் விலாசத்துக்கும் நடுவில் எறும்பு எழுத்தில் இருக்கும். சித்திக்கு அதுகூட அதுவரை கிடைத்ததில்லை.

என்னை முதல் தடவை கச்சேரிக்கு அழைத்துப் போனபோது, இந்த மாமா ஏன் சித்தியை வாசிக்க விடாமல் பாடிக்கொண்டே இருக்கிறார் என்று அம்மாவிடம் சத்தமாகக் கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் வலித்தது.

சித்தியின் சங்கீத வாழ்க்கை அப்போது மத்தியானக் கச்சேரிகளில் நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் சபாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள், மீதிப் பேர் சாயங்காலக் கச்சேரிக்கு இடம் பிடிக்க வருகிறவர்கள் என்பார் அம்மா. ரேடியோவில் நல்ல கிரேடு வாங்கியும் சாயங்கால மேடை சித்திக்கு எட்டவில்லை. பெரிய பாடகர்கள் சிலர் பெண்களைப் பக்கவாத்தியத்துக்கு வைத்துக்கொள்வதில்லை. வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். கூப்பிடாமல் இருந்துவிடுவார்கள்.

அப்படிக் கூப்பிடாமல் இருந்தவர்களில் ஒரு பெரிய பாடகருக்கு அந்த மார்கழியில் ஒரு நெருக்கடி. அவருக்கு வழக்கமாக வாசிப்பவருக்கு அம்மை போட்டுவிட்டது. வேறு யாருக்கும் நாள் ஒழியவில்லை. வேறு வழியில்லாமல் சித்தியைக் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் பேகடா ராகத்தை எடுத்து விஸ்தாரமாகப் பாடினாராம், சித்தியும் விடாமல் வாசித்தாராம். ஒருவர்கூடக் காப்பி குடிக்க எழுந்து போகவில்லை. மயிலாப்பூர் சபாக்களில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

சில நாள் கழித்து அந்தப் பாடகரே சித்திக்கு டெலிபோன் செய்தார். ஒரு கேசட் கம்பெனி அந்தக் கச்சேரியை வெளியிடக் கேட்கிறதாம். ஆனால் சபாக்காரர்களின் பதிவில் வெறும் இரைச்சல்தான் இருக்கிறதாம். உன் அகத்துக்காரர் முன்வரிசையில் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கேட்கிறேன் என்றார். சித்தி ரிசீவரை வைத்துவிட்டுச் சின்னப் பெண்போலச் சிரித்தார். அவர் வாசித்து ஒரு கேசட் கடைக்கு வரப்போகிறது. அடுத்த மார்கழியிலும் பாடகர் கூப்பிடுவார். இதையெல்லாம் கேட்டபடி முகத்தில் சவர நுரையோடு வெளியே வந்த சித்தப்பா, அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விஷயம் இதுதான். கச்சேரியைப் பதிவு செய்வதற்கென்று சித்தப்பா ஒரே ஜோடிக் கேசட்டைத்தான் வைத்திருந்தார். சித்தியின் பங்கை வெட்டி எடுத்த பிறகு அதில் மிச்சம் இருப்பது வெறும் பாட்டுதானே, அது எதற்கு? அடுத்த கச்சேரியை அதன் மேலேயே பதிவு செய்துவிடுவார். பேகடாவின் மேல் இப்போது ஏதோ ஒரு மத்தியானக் கச்சேரி உட்கார்ந்திருந்தது. ஊரே தேடும் அந்தக் கச்சேரியில் எங்களிடம் எல்லாம் இருந்தது, பாடகரைத் தவிர.

சித்தப்பா மயிலாப்பூர் முழுக்க சைக்கிளில் அலைந்து, வேறு யாராவது பதிவு செய்தார்களா என்று விசாரித்தார். யாரும் செய்யவில்லை. சனிக்கிழமை காலை சித்தியிடம் உண்மையைச் சொன்னார். சித்தி கோபித்துக்கொள்ளாததுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. வயலின் பெட்டியைத் திறந்தவர் வாசிக்காமல் திரும்ப மூடினார்.

"எனக்காகத்தானே பண்ணினேள்," என்றார். "அதனாலதான் என்ன சொல்றதுன்னே தெரியலை."

ஞாயிற்றுக்கிழமை பாடகர் வந்தார். உயரமான மனிதர், சரிகை வேட்டி, எங்கள் கூடத்தையே நிறைக்கும் அத்தர் வாசனை. காப்பி நன்றாக இருக்கிறது என்றார், நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். பாடகருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷம் பாடிய தன்னை ஒருவன் வீட்டில் உட்கார்ந்து கட்டைவிரலால் அழித்துவிட்டான் என்பதை எந்த வித்வான்தான் தாங்குவார்? செருப்பைத் தேடுவதுபோல வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, எதற்கு வந்தோம் என்று நினைத்தாரோ என்னவோ, இருப்பதைப் போடச் சொன்னார்.

கேசட் ஓடியது. வயலின், ஒரு 'டிக்', மறுபடி வயலின், மறுபடி 'டிக்'. சித்தி சமையலறை வாசலில் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் பாடகர் கையைத் தூக்கினார். சித்தப்பா நிறுத்தினார். அவ்வளவுதான், எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தோம்.

"கொஞ்சம் பின்னாடி போங்கோ," என்றார் பாடகர்.

அந்த இடத்தைத் திரும்பக் கேட்டார். கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முனகினார். சித்தி இப்படி வாசித்திருக்கிறார் என்றால் அதற்கு முன்னால் தான் இப்படித்தான் பாடியிருக்க வேண்டும் என்று தொடையில் தட்டிக்கொண்டே அதைப் பாடினார். பக்கவாத்தியக்காரரின் வேலை அதுதானே, பாடகர் போன தடத்திலேயே போய்ப் பதில் சொல்வது. பதிலைப் பிடித்துக்கொண்டு அவர் தன்னுடைய கேள்வியைத் தேடினார். சித்தப்பாவுக்கு அது புரிந்துவிட்டது. 'டிக்' வரும் இடமெல்லாம் கேசட்டை நிறுத்தினார். பாடகர் பாடி முடித்ததும் ஓடவிட்டார். அவரை வெளியே தள்ளிய அதே கட்டைவிரல் அன்றைக்கு அவருக்காகக் காத்திருந்தது. இப்படியே எங்கள் கூடத்தில் மொத்தப் பேகடாவும் திரும்ப வந்தது. எனக்குப் பசித்தது, ஆனால் சாப்பாடு கேட்கத் தோன்றவில்லை.

முடிந்ததும் பாடகர் சித்தியைப் பார்த்தார்.

"நீ வாசிக்கறச்சே நான் அடுத்தது என்ன பாடலாம்னு யோசிச்சுண்டிருப்பேன்," என்றார். "இன்னிக்குத்தான் உன்னைக் கேட்டேன்."

சித்தி அழுதுவிட்டார். கேசட் போச்சே என்று அழுகிறார் என்று நினைத்து நானும் அழுதேன்.

கோடையில் ஸ்டூடியோவில் புதிதாகப் பேகடாவைப் பதிவு செய்தார்கள். அட்டையில் அவர் படம்தான் பெரிது, ஆனால் அதன் கீழேயே, முன்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் சித்தியின் பெயர் இருந்தது. பிறகு சித்தி அவருக்கு வருஷக்கணக்கில் வாசித்தார், வெளிநாடெல்லாம் போனார், தனியாகவும் வாசித்து நிறைய வெளியிட்டார். அந்த முதல் கேசட்டை யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றியிருக்கிறார். அடையாறு சிக்னலில் வண்டி நகராதபோது போனில் அதைத்தான் கேட்கிறேன். சிக்னல் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா என்றிருக்கும்.

கடையிலிருந்து அந்தக் கேசட் வீட்டுக்கு வந்த வாரம், சித்தப்பா திருந்தியிருப்பார் என்று எல்லோரும் நம்பினோம். அவர் ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போலக் காலிக் கேசட்டைப் போட்டுக்கொண்டு வெட்ட உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாடகர் ஆரம்பித்தால் விரல் இறங்கியது, சித்தி ஆரம்பித்தால் எழுந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சித்தி ஒரு நீண்ட இடத்தை வாசித்து முடிக்கும்போது மட்டும், பின்னாலிருந்து மெதுவாக, "ஆஹா" என்று பாடகரின் குரல் கேட்டது. சித்தப்பாவின் கட்டைவிரல் அசையவில்லை.

தவறைக் கண்டுபிடித்த பெருமையில் அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன்.

"சித்தப்பா, அவர் குரல் ஒண்ணு உள்ளே வந்துடுத்து."

"அது இருக்கட்டும்டி," என்றார் சித்தப்பா. பிறகு கேசட்டைப் பின்னால் ஓட்டி, சரியாக அந்த இடத்தையே இன்னொரு தடவை கேட்டார்.

பாவம், சித்தப்பாவின் விரலுக்கு வயதாகிவிட்டது, இனிமேல் இந்த வேலையை நான்தான் செய்து கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.